புளிச்ச மாவு இருக்காக்கா?

இட்லி மாவு அரைத்து விற்கும் தொழிலில் பாதி நேரம் நமக்கு வேலையே கிடையாது. கல் சுற்றும், நாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டிலேயே எதையாவது அரைத்தோ தைத்தோ பொரித்தோ விற்கிற பெண்களுக்கு நான் சொல்வது புரியும். மதியம் இரண்டு மணிக்கு எங்கள் விளாங்குடித் தெருவில் காக்கா கூடக் கத்தாது. திண்டுக்கல் ரோட்டில் போகிற பஸ்ஸின் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல வரும். கிரைண்டருக்குள் உளுந்து வெள்ளை வெள்ளையாகப் பொங்கி எழுந்து, மடிந்து, மறுபடி எழும். பார்த்துக்கொண்டே இருந்தால் மேகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு மயக்கம். கான்வென்ட்டில் கண்ணை மூடிப் பிரார்த்தனை சொன்ன எட்டு வருஷத்திலும் எனக்கு அப்படி மனசு அடங்கியதில்லை. அந்த மயக்கத்தைக் கலைக்க இரண்டே இரண்டு பேரால்தான் முடியும்: கரண்ட்டை நிறுத்துகிறவர், மளிகைக் கடையில் புது விலை சொல்கிறவர்.

மேகம் குறைந்த வாரம்

உளுந்து விலை ஏறியது. மாவு விலையை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. வாங்குகிறவர்கள் எல்லாம் அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் சமைக்கிறவர்கள். அதனால் உளுந்தில் ஒரு கைப்பிடியைக் குறைத்தேன். மறுநாள் இன்னொரு கைப்பிடி. யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு நினைப்பு. மேகம் மெலிந்துபோய், கஞ்சி மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. நானோ அரைத் தூக்கத்தில் அதையும் ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் வாட்ச்மேன் அண்ணன் வந்தார். பக்கத்து அபார்ட்மென்ட்டில் இரவு வேலை பார்ப்பவர், வேலைக்குப் போகுமுன் என் மாவில் ஆறு இட்லி ஊற்றிக் கட்டிக்கொண்டு போவார். டப்பாவை நீட்டவே இல்லை. வாசலில் நின்று தாடையைத் தடவிக்கொண்டே சொன்னார்: “நேத்து இட்லிக்குச் சட்னி மட்டும் பத்தலம்மா. ஒரு சுத்தியலும் சேத்துக் குடுத்திருக்கணும்.”

வாளி ஊர்வலம்

உளுந்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன், விலையை ஏற்றினேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நானும் நாலு கேட்டிருப்பேன், நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குப் பதிலாகப் பாத்திரங்கள் சுருங்கின. சாயங்காலம் ஐந்தரைக்கு, வெயில் மஞ்சளாகிற நேரத்தில், தெருமுனையிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக வருவார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு எவர்சில்வர் வெளிச்சம். தூரத்திலிருந்து பார்க்க ஏதோ சாமி ஊர்வலம் மாதிரி இருக்கும். அந்த வெளிச்சம்தான் வாரத்துக்கு வாரம் சின்னதாகிக்கொண்டே வந்தது. வாளி சம்படமானது. சம்படம் பிள்ளைகளின் டிபன் டப்பாவானது. கடைசியில் ஒருத்தி டம்ளரோடு வந்தாள்.

முத்துப்பிள்ளை மட்டும் மாறவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து எங்கள் பின் சந்தில் ஒற்றை அறையில் குடியிருப்பவள். செல்லூரில் ஒரு பவர்லூம் பட்டறையில் நூல் சுற்றுகிறாள். நூல் விலை ஏறியதில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. வீட்டுக்காரருக்குப் பெயின்ட் வேலை, கிடைத்தால் உண்டு. ஒரே மகள் கயல் பிளஸ் டூ படிக்கிறாள். அந்தப் பெண்ணை ஸ்பின்னிங் மில்லுக்கு அனுப்பச் சொல்லி ஊர்க்கார புரோக்கர் ஒருத்தர் வந்து வந்து போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். முத்துப்பிள்ளை ஆறு பேர் சாப்பிடுகிற அளவு வாளியைக் கொண்டுவந்து, அடியில் ஒட்டுகிற அளவுக்கு மாவு வாங்குவாள். “இதுக்கு எதுக்கும்மா இம்புட்டுப் பெரிய வாளி?” என்று என் வாய் சும்மா இராமல் கேட்டுவிட்டது. அவள் மூடியை அழுத்தி மூடினாள். “மாவு கொறஞ்சா எனக்கு மட்டுந்தேன்க்கா தெரியும். வாளி கொறஞ்சா புரோக்கரு வரைக்கும் தெரிஞ்சிரும்.”

தக்காளிக் கனவு

தக்காளி விலை தலைக்கு மேல் போன மாதம், எனக்கே கனவில் தக்காளி வந்தது. வைகையில் தண்ணீருக்குப் பதிலாகத் தக்காளி, கரை புரண்டு, சிவப்பாக, சத்தமில்லாமல் போகிறது. நான் பாலத்தில் நின்று பார்க்கிறேன், கையில் பை இல்லை. எழுந்த பிறகும் ரொம்ப நேரம் வருத்தமாக இருந்தது. உங்களுக்கும் அந்த மாதம் இப்படி ஏதாவது வந்திருக்கும், வெட்கப்பட்டு வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அன்றைக்குப் புதிதாகக் கல்யாணமான ஒரு கொத்தனார் தம்பி மாவு வாங்க வந்தார். காசைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். என்னப்பா வேணும் என்று அதட்டினேன். தலையைச் சொறிந்தார். “தப்பா நெனைக்காதீங்கக்கா. அரைக்கும்போதே ரெண்டு வர மொளகாயும் பூண்டும் போட்டு அரைச்சிருங்களேன், சட்னின்னு ஒண்ணை அவகிட்ட கேக்கவே பயமா இருக்கு.”

ஆங்கிலப் புத்தகம்

புளித்த மாவை நான் பாதி விலைக்குக் கொடுப்பேன். முத்துப்பிள்ளை அதைத்தான் கேட்க ஆரம்பித்தாள். வீட்டுக்காரருக்கு ஊத்தப்பம்தான் பிடிக்குமாம். ஒரு வாரம் முழுக்க ஒருத்தருக்கு ஊத்தப்பம் பிடிக்குமா? அப்புறம்தான் சொன்னாள், தை பிறந்ததும் மில் வண்டி வருகிறதாம். கயல் பேரைக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறாளாம். மில்லில் மூன்று வேளைச் சோறு உண்டு, வீட்டில் ஒரு வயிறு குறையும்.

எனக்கு வந்ததே கோபம். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது படிக்கிற பிள்ளையைக் கொண்டுபோய் மில்லில் தள்ளுவியா, படிப்பு என்றால் என்ன தெரியுமா, பெண் பிள்ளைக்கு அது எவ்வளவு முக்கியம் தெரியுமா என்று எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் குரலிலேயே ஒரு பிரசங்கம் வைத்தேன். முத்துப்பிள்ளை பொறுமையாகக் கேட்டாள். கல் சுற்றி நின்றது. “நீங்க சொல்றது பூராம் நெசந்தேன்க்கா. ஆனா அது உங்க இங்கிலீஷ் புத்தகத்துல இருக்கு. என் அரிசிப் பானையில இல்ல.”

நான் சொன்ன பொய்

அன்று ராத்திரி படுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். விற்பனை குறையக் குறைய நானும் குறைத்து, அந்த வாரத்தோடு அளவாகத்தான் அரைக்க ஆரம்பித்திருந்தேன். அதனால் மிச்சம் விழவில்லை, புளிக்கவும் எதுவும் இல்லை. இல்லை என்று சொன்னால் அவள் வெறும் வாளியோடு அந்தச் சந்தில் திரும்பி நடக்க வேண்டும். சும்மா கொடுத்தால் வாங்க மாட்டாள். எனவே விடியற்காலையில் தனியாக ஒரு பங்கு அரைத்து வைத்தேன். சாயங்காலத்துக்குள் அது குமிழ் விட்டு, பூத்து, சட்டி நிறைய எழும்பி நின்றது. மூடியைத் திறந்தால் உள்ளே மெல்ல மெல்ல மூச்சு விடுகிற சத்தம். “நேத்து மிஞ்சினது, எடுத்துட்டுப் போ” என்று முகத்தைச் சிடுசிடுவென்று வைத்துக்கொண்டு பாதி விலைக்கு ஊற்றினேன்.

நாலு நாள் நடந்தது. ஐந்தாம் நாள் அவள் வாளிக்குள் முகத்தை விட்டு மோந்து பார்த்தாள். விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். நேற்றைய மாவின் புளிப்பு அதில் இல்லை. எனக்குப் பரீட்சை ஹாலில் பிட்டோடு மாட்டிக்கொண்டது போல இருந்தது. அவள் முந்தானையிலிருந்து மீதிப் பாதி விலைக் காசை எடுத்து மாவுச் சட்டி பக்கத்தில் வைத்தாள். “மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாதுக்கா. உங்களுக்கும் சரியா வரல.”

குழிக்கு ஒரு தடவல்

அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் வரவில்லை. நான் அவமானத்தில் வாசலையே பார்க்கவில்லை. எட்டாம் நாள் வந்து நின்றாள். புளிச்ச மாவு இருக்கா என்று கேட்டாள். இல்லை என்றேன், உண்மையாகவே. உடனே எனக்குத் திட்டு விழுந்தது. அவள் பணியாரம் போட ஆரம்பித்திருக்கிறாளாம், நல்ல மாவில் போட்டால் பணியாரம் சப்பென்று இருக்குமாம், இரண்டு நாள் புளிப்பு வேண்டுமாம். நூல் சுற்றப் போகாத நாளில் பஸ் ஸ்டாப் ஓரம் ஒற்றை அடுப்பு. ஊரிலிருந்து தூக்கி வந்த பணியாரச் சட்டி. தச்சுப் பட்டறையில் கூட்டித் தள்ளின மரச் சிராய்தான் விறகு. “வியாபாரம் பண்றவுக இம்புட்டு அலட்சியமா இருக்கலாமாக்கா? இனிமே வேணும்னே கூட அரைங்க. மிச்சத்தை நான் காசு குடுத்து வாங்குறேன், அன்னைக்குப் பொய் சொன்ன மாதிரி வேணாம்.”

இன்னொரு ஈடு

மார்கழி கடைசியில் ஒரு சாயங்காலம் நானே போனேன். பனியும் புகையும் ஒன்றாகி, ரோட்டில் வருகிற பஸ் விளக்குகள் மிதந்து மிதந்து வந்தன. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் வாசனையைப் பிடித்துக்கொண்டே அவளிடம் வந்தார்கள். எண்ணெய் விலைக்குப் பயந்து, குச்சியில் துணி சுற்றிக் குழிக்கு ஒரு தடவல்தான். ஆனாலும் பணியாரம் ஒவ்வொன்றும் பொன் நிறத்தில் புரண்டு படுத்தது. எல்லா நாளும் இப்படிப் போகாது, மழை பெய்தால் அடுப்பில்லை என்று அவளே சொன்னாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் வெள்ளைச் சட்டை புரோக்கர் வந்து நின்றார். இரண்டு தட்டு வாங்கித் தின்றார். கையைத் துடைத்துக்கொண்டு, “என்ன தங்கச்சி, பொங்கல் கழிச்சு வண்டி வருது. பிள்ளையப் பெட்டி கட்டச் சொல்லிரு” என்றார்.

நான் தட்டைக் கீழே வைத்தேன். கயல் பக்கத்தில் இல்லை, ஸ்பெஷல் கிளாஸுக்குப் போயிருந்தாள். முத்துப்பிள்ளை நிமிரவில்லை. கம்பியால் ஒரு பணியாரத்தைப் புரட்டினாள். அடுத்ததைப் புரட்டினாள். ஏழு குழியும் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். “பிள்ளை வராதுண்ணே, அதுக்குப் பரீட்சை இருக்கு. இன்னொரு ஈடு வேகுது, உங்களுக்குச் சூடாத் தரவா?”

இப்போது மதியத்தில் வழக்கத்துக்கு மேல் ஒரு பங்கு அரைத்து அதை வேண்டுமென்றே மறந்துவிடுகிறேன். எங்கள் ஊரில் இன்னும் விலை ஏறாமல் இருப்பது, மாவு புளிக்க எடுத்துக்கொள்கிற அந்த நேரம் ஒன்றுதான்.