பதில் கொடுத்த முகவரி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். யாஷ் நகரத்தில், எங்கள் அடுக்குமாடியில், பட்டப்பகலில் என் கண் முன்னால் நடந்தது இது.

அப்போதெல்லாம் நாங்களே கூரைக்குக் கூரை கேபிள் இழுத்துப் பக்கத்து பிளாக்குகளுக்கெல்லாம் இணையம் கொடுப்போம். அதை ஆரம்பித்தவன் ஒக்தாவ். இது நடப்பதற்கு முந்தைய குளிர்காலத்தில் கேபிள் கட்டும்போது கூரையிலிருந்து விழுந்து செத்தான். அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருந்தவன் ரெலு. "கை வழுக்கிடுச்சு" என்றான். நெட்வொர்க் ரெலு கைக்கு வந்தது. ஊர் வாய் சும்மா இருக்குமா?

ஒக்தாவின் பழைய சர்வர் படுத்துவிட்டது. புதிய பெட்டியில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தை ஏற்றச் சொல்லி ரெலு என்னை உட்கார வைத்தான். எனக்கு விண்டோஸ் மட்டும்தான் தெரியும். இதிலோ வெறும் கறுப்புத் திரை, எழுத்துகள் மட்டும். தட்டுத் தடுமாறி, பழைய சர்வரின் நெட்வொர்க் முகவரியையே புதியதற்கும் கொடுத்தேன்.

உடனே திரையில் ஒரு வரி. இந்த முகவரியை வேறொரு நெட்வொர்க் கார்டு வைத்திருக்கிறதாம். கூடவே அந்தக் கார்டுக்கே உரிய எண்.

எட்டிப் பார்த்த ரெலுவின் முகம் வெளிறியது.

"டேய் டோரு, இது ஒக்தாவ் கார்டுடா. இந்த நம்பர தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

"பழைய பெட்டியில இருக்குமே?"

"அவன் செத்த அன்னிக்கே காணோம். எவனோ திருட்டுப்பய கூரை மேல இருக்குற நெட்வொர்க் சுவிட்சுல அத கோத்திருக்கான். இரு, அவன் கைய ஒடிச்சிட்டு வரேன்."

என் செல்லுக்குப் போட்டு, போனைக் காதில் வைத்தபடியே கூரைக்கு ஏறினான்.

நான் புதிய பெட்டியின் முகவரியை மாற்றிவிட்டு, பழைய முகவரிக்குப் பிங் விட்டேன். யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிடுவதுதான் அது. பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ, ஆள் அவ்வளவு கிட்டே என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

பதில் வந்தது. தொண்ணூறு மில்லிசெகண்ட்.

அறுபது.

முப்பது...

பயத்தில் கேபிளைப் பிடுங்கினேன்.

பன்னிரண்டு...

கேபிள் என் கையில் இருந்தது. பதில் வந்துகொண்டே இருந்தது.

"ரெலு, கீழ வா. இப்பவே வாடா."

போனில் காற்று. தகரம் கிரீச்சிட்டது.

"இங்க ஒருத்தனும் இல்லடா. சுவிட்சுல ஒயரே..." நிறுத்தினான். "யார்றா என் கைய..."

ஒன்று.

பூஜ்யம்.

ஜன்னலுக்கு வெளியே ஏதோ கீழே போனது. தொப்...

பதில் நின்றுவிட்டது.

ரெலுவைப் புதைத்த பிறகு ஒக்தாவின் அம்மா அக்லாயாவிடம் போனேன். கார்டைப் பற்றிக் கேட்டேன். செத்தவர்களுக்குப் படைக்க அடுப்பில் வைத்திருந்த கோதுமையைக் கிண்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

"அதுவா? நாந்தான் கழட்டினேன் டோரு. அவன் கையில வச்சு, விரல மடக்கிவிட்டு, சவப்பொட்டிய மூடினேன். 'கயித்த விட்டவன் திரும்ப மேல ஏறுவான்டா, பாத்துக்கோ'ன்னு சொல்லித்தான் மூடினேன்."