அத்தையின் தீர்த்தச் சேலை

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்குத் தீர்த்தம் கொடுமுடியிலிருந்துதான் வரும். காவிரியில் முழுகிக் குடத்தில் நீர் மொண்டு வருகிறவர்கள், வெள்ளைத் துணியை மஞ்சளில் முக்கி உடுத்த வேண்டும். கடையில் வாங்கிய மஞ்சள் சேலையை ஆத்தா ஏற்றுக்கொண்டாலும் ஊர்ப் பெண்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம், அப்பாவின் தங்கையும் தீர்த்தத்துக்கு வருவதாக வேண்டிக்கொண்டாள். அத்தைக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது. மாமா லாரி விபத்தில் போனபின் எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான். அதைக் கட்டாயம் என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வந்ததில்லை.

மற்றவர்கள் மஞ்சள் தூளைக் கரைத்து, சேலையை ஒரு முக்கு முக்கிக் கொடியில் போட்டுவிடுவார்கள். அத்தை அப்படியா விடுவாள்? கஞ்சி போக அலசி, கடுக்காய் ஊறிய நீரில் போட்டு எடுத்து உலர்த்தினாள். எங்கள் காட்டில் விளைந்த விரலி மஞ்சளை இடித்துச் சலித்துக் கொதிக்கவிட்டாள். படிகாரம் சேர்த்து, சேலை திட்டுத் திட்டாகிவிடாமல் குச்சியால் புரட்டிக்கொண்டே இருந்தாள். அது பொன்னாக வந்தது. அப்படியும் கிளம்புகிற அன்று காலையில், வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்து ஒரு வாளி நீரில் கரைத்தாள்.

"சுண்ணாம்பு எதுக்குங்கத்தை?"

"சாயம் நிக்கறதுக்குக் கண்ணு."

சேலை உள்ளே போன மாத்திரத்தில் குங்குமமாகச் சிவந்தது. ஆரத்தி கரைத்த எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம்தான் அது. அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன அம்மணி இது? ஊரு என்ன பேசும்?"

"தெரியாம செஞ்சுபோட்டனுங்ணா" என்றாள் அத்தை, தலை நிமிராமல்.

"இன்னொரு சேலை முக்கறதுக்கு நேரமில்லீங்க. வேன் வந்துரும். அதையே கட்டிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மா அவசரமாக அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா கொஞ்ச நேரம் அந்தச் சேலையையே பார்த்தார். பிறகு தோட்டத்துப் பக்கம் நடந்தார்.

எனக்குத்தான் மனது கேட்கவில்லை. மஞ்சள் தடவிய தாள் சோப்புத் தண்ணீரில் சிவக்கும், எலுமிச்சை பிழிந்தால் பழையபடி மஞ்சளாகும் என்று பள்ளியில் அப்போதுதான் செய்து காட்டியிருந்தார்கள். ஓடிப்போய்க் கிணற்றடி மரத்தில் ஒரு பழம் பறித்து வந்து நீட்டினேன்.

"இதைப் புழிஞ்சாச் சரியாயிருமுங்கத்தை."

அத்தை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் ஒரு சொம்பு நீரில் பிழிந்து, சர்க்கரை போட்டு, என்னையே குடிக்கச் சொன்னாள். சேலை காய்ந்ததும் அதைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

கொடுமுடியில் காவிரியில் முழுகி எழுந்தபோது சேலையின் சிவப்பு பாதிக்குமேல் போய்விட்டிருந்தது.

"பாத்தீங்களாத்தை, தானாச் சரியாயிருச்சு!" என்றேன் சந்தோஷமாக.

அத்தை குனிந்து குடத்தில் நீரை மொண்டாள். இத்தனை வயதாகியும் மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்னவாகும் என்றுகூடத் தெரியாமல் இருக்கிறாளே என்று எனக்குப் பாவமாக இருந்தது.