நான் நகர்த்திய குண்டூசி

குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டால் நாக்கின் நுனியில் ஒரு துரு ருசி படியும். எண்பதைத் தாண்டிய இந்த வயதிலும், தையற்காரர் யாராவது வாயில் ஊசியைக் கவ்வியபடி அளவெடுப்பதைப் பார்த்தால் அந்த ருசி எனக்கு வந்துவிடுகிறது. வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். காரணத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதினோரு வயதில், மைசூரில், ஒரு குண்டூசியை ஓர் இடத்திலிருந்து பிடுங்கி வேறோர் இடத்தில் குத்தி, எனக்கு நல்லதையே நினைத்த ஒரு நண்பனின் குடும்பத்தை நான் கெடுத்தேன். தெரியாமல் செய்ததல்ல.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். படைக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்கென்று நகரத்துப் பெண்மணிகள் சிலர் சேர்ந்து, ஓட்டுக்கூரை போட்ட ஒரு பழைய குதிரை லாயத்தில் ஓர் இல்லம் நடத்தினார்கள். அதற்கு நீளமான பெயர் ஒன்று பலகையில் எழுதியிருந்தது. நாங்கள் எல்லோரும் கன்னடத்தில் 'மக்கள மனெ', பிள்ளைகள் வீடு, என்றுதான் சொல்வோம். வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையில் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். குதிரைகள் கட்டிய வளையங்களிலேயே கயிறு போட்டுத் தூளி கட்டியிருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் எங்களைப் போன்ற பெரிய பிள்ளைகள் வந்து சேர்வோம். பால் விட்ட ராகிக் கஞ்சி ஒரு லோட்டா, பிறகு கணக்கு, பிறகு டிரில். எல்லாவற்றுக்கும் மேலே சரோஜம்மா என்ற கன்னடத்து ஆசிரியை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

கஞ்சிக்கு முன்னால் ஆஜர் எடுப்பார்கள். மற்ற இடங்களைப் போல 'உள்ளேன்' என்று சொல்லக்கூடாது. பெயரைக் கூப்பிட்டதும் அவரவர் அப்பா இருக்கும் ஊரைச் சொல்லவேண்டும். "ராஞ்சி", "கெய்ரோ", "கல்கத்தா" என்று குரல்கள் வரிசையாக எழும். சுவரில் இந்தியாவும் பர்மாவும் மலாயாவும் சேர்ந்த பெரிய வரைபடம் ஒன்று தொங்கியது. அதில் ஒவ்வோர் அப்பாவுக்கும் ஒரு காகிதக் கொடி, குண்டூசியில் ஒட்டியது. வரைபடத்துக்குள் அடங்காத கெய்ரோக்காரர்களுக்கு இடதுபக்கச் சட்டத்தில் இடம். கடிதம் வந்தால் அதைச் சரோஜம்மாவிடம் காட்டிவிட்டுக் கொடியை நகர்த்தலாம். நகர்த்துகிறவன் நான். பூகோளத்தில் முதல் மாணவன் என்பதாலும், முக்காலிமேல் ஏறினால் இமயமலை வரை கை எட்டும் உயரம் எனக்கு மட்டுமே இருந்ததாலும் அந்தப் பதவி கிடைத்தது. கொடிகளை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டு, வரைபடத்தைத் தூசி தட்டிவிட்டு, மறுபடி குத்துவேன்.

என் அப்பாவின் கொடி மட்டும் நகரவே இல்லை. அவர் சமஸ்தானத்துப் படையில் எழுத்தராக இருந்தார். சிங்கப்பூருக்குப் போனார், சிங்கப்பூர் விழுந்தது, அதற்குப்பின் ஒரு வரிகூட வரவில்லை. இருக்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாததால் கொடியை எங்கே நகர்த்துவது என்றும் தெரியவில்லை. இரண்டு வருஷமாக நான் "சிங்கப்பூர்" என்றே ஆஜர் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலில் மற்ற பிள்ளைகள் அதைக் கேட்டு மௌனமானார்கள். பிறகு பழகிவிட்டது. கடைசியில் குட்டிப் பிள்ளைகள் எனக்கு முன்பே சேர்ந்து "சிங்கப்பூர்" என்று கத்திச் சிரிக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு.

என் பக்கத்தில் உட்காருகிறவன் நஞ்சப்பன். கொள்ளேகாலம் பக்கம் ராமாபுரத்து விவசாயக் குடும்பம். அவன் அப்பா சென்னியப்பன் மைசூருக்கு வந்து லாரி ஓட்டப் பழகி, யுத்தத்தில் சேர்ந்து, இம்பால் பக்கம் மலைப்பாதையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மா மாராயி பட்டு ஆலையில் நூல் எடுக்கும் வேலைக்குப் போனார். மூன்று வயதுத் தங்கை பொன்னி பகல் முழுக்க மக்கள மனெயின் தூளியிலும் முற்றத்திலும் வளர்ந்தாள். அந்த இடம் இல்லையென்றால் மாராயி வேலைக்குப் போக முடியாது, நஞ்சப்பன் பள்ளிக்கூடம் போக முடியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு திருவிழாவுக்கு ஊருக்குப் போய்வந்த நஞ்சப்பன், கால்சட்டைப் பையிலிருந்து வறுத்த வேர்க்கடலையை என் கையில் கொட்டிவிட்டு, டிரில் மைதானத்து மூலையில் என்னைக் குந்தவைத்துத் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னான்.

"எங்கய்யன் வந்திருச்சு சீனு. லீவுல வந்தது, திரும்பிப் போகலை. பெரியப்பன் காட்டுல மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருக்குது. கையி நடுங்கிட்டே இருக்குது, நாங்க இருந்த வரைக்கும் சோத்தைக்கூட எங்கம்மாதான் ஊட்டி உட்டுது. ஆருகிட்டயும் சொல்லீராதே."

நான் கேட்டேன், பிறகு ஏன் என்னிடம் சொல்கிறாய் என்று. அவன் என் முகத்தைப் பார்க்காமல் மண்ணைக் கீறிக்கொண்டே சொன்னான்: "உங்கய்யனும் இப்படி எங்காச்சும் வந்திருக்கும்டா. பெரியவங்க நம்மகிட்டச் சொல்லமாட்டாங்க. நீ தெனம் சிங்கப்பூரு சிங்கப்பூருன்னு சொல்றது எனக்கு ஒரு மாதிரியா இருக்குது."

அந்தக் கடலையின் ஒவ்வொரு பருப்பையும் தின்றேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம், சில பேருடைய அப்பா யுத்தத்திலிருந்து ரகசியமாக வந்து ஒளிந்திருக்கிறார்களாமே என்று யார் பெயரும் சொல்லாமல் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா கையை நிறுத்தவில்லை. "உங்கப்பா அப்படி ஓடி ஒளிஞ்சுண்டு வர்ற மனுஷர் இல்லைடா. வந்தா வாசல் வழியாத்தான் வருவார்" என்றார்.

அம்மா பெருமையாகச் சொன்ன வார்த்தை எனக்குள் வேறு விதமாக வேலை செய்தது. ஓடி வருகிறவருடைய பிள்ளைக்கு அப்பா இருக்கிறார், ஓடாதவருடைய பிள்ளைக்கு இல்லை. நஞ்சப்பனோ தினமும் என் பக்கத்தில் நின்று துளியும் தடுமாறாமல் "இம்பால்" என்று பொய் ஆஜர் சொன்னான். எத்தனையோ நாள் பொறுத்தேன். ஒரு சனிக்கிழமை, குட்டிப் பிள்ளைகள் மறுபடி "சிங்கப்பூர்" என்று சிரித்ததற்கு அடுத்த வாரம், மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய் முக்காலியில் ஏறி, இம்பாலிலிருந்த சென்னியப்பனின் கொடியைப் பிடுங்கி, உதட்டில் கொஞ்சநேரம் கவ்விக்கொண்டு நின்று, பிறகு மைசூருக்குக் கிழக்கே, காவிரிக்குத் தெற்கே, பெயரே எழுதாத ஒரு வெற்றிடத்தில் குத்தினேன். ராமாபுரம் அந்த வரைபடத்தில் கிடையாது. இருக்கவேண்டிய இடம் எனக்குத் தெரிந்திருந்தது.

அன்று பார்வையாளர்கள் வருவார்கள் என்பதும் தெரியும். முதல்நாளே முற்றம் மெழுகியிருந்தார்கள்.

பெண்மணிகளோடு ஒரு ராணுவ அதிகாரியும் வந்தார். நல்ல மனிதர், பொன்னியைத் தூக்கித் தன் தொப்பியை அவள் தலையில் கவிழ்த்து விளையாட்டுக் காட்டினார். பிறகு வரைபடத்தின் எதிரில் நின்றார். கொடிகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர், யுத்தம் இவ்வளவு கிட்டே வந்துவிட்டதை எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று கன்னடத்தில் வேடிக்கையாகச் சொன்னார். பெண்மணிகள் சிரித்தார்கள். அவர் குனிந்து கொடியிலிருந்த பெயரைப் படித்து, இது யாருடைய அப்பா என்று கேட்டார்.

நஞ்சப்பன் எழுந்து "இம்பால்" என்றான். அப்படியானால் கொடி ஏன் இங்கே நிற்கிறது என்று அவர் கேட்டபோது, அவன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

சரோஜம்மாவுக்கு அந்தக் கணத்திலேயே ஏதோ புரிந்திருக்கவேண்டும். அவர் முந்திக்கொண்டு, தூசி தட்டும்போது மாறிவிட்டது போலிருக்கிறது, அப்படித்தானே சீனு, என்று கேட்டார். தலையை ஆட்டினால் போதும் என்ற வழியை எனக்கு அத்தனை அகலமாகத் திறந்துவைத்தார். நான், "இல்லை அம்மா, மாறவில்லை" என்றேன்.

பொன்னியின் தலையிலிருந்த தொப்பியை அதிகாரி எடுத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்துச் சென்னியப்பனை அவர் அண்ணனின் காட்டு நிலத்திலிருந்து ராணுவத்தார் பிடித்துக்கொண்டு போனார்கள். குடும்பத்துக்கு மாதாமாதம் வந்த ராணுவப் படிப்பணம் நின்றது. படையில் இருப்பவரின் பிள்ளைகளுக்கு மட்டுமே மக்கள மனெயில் இடம் என்பது விதி. சரோஜம்மா பெண்மணிகளிடம் போய் மன்றாடியும் பயனில்லை. ஆஜர்ப் புத்தகத்தில் நஞ்சப்பன் பெயர்மேல் அவரே கோடு போட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. வரைபடத்தைத் தூசி தட்ட இனி வேறொரு பையன் இருப்பான் என்று மட்டும் சொன்னார்.

பட்டு ஆலைக்குள் குழந்தைகளை விடமாட்டார்கள். மாராயி உள்ளே வெந்நீர்த் தொட்டியருகே பட்டுப்புழுக் கூடுகளோடு நிற்க, வாசலுக்கு வெளியே புங்கமரத்தடியில் நஞ்சப்பன் பொன்னியை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடம் நின்றது. என் லோட்டாக் கஞ்சியைத் துணியால் மூடி எடுத்துப்போய் அவன் முன்னால் வைத்தேன். பொன்னிக்குக் கொடுத்தான். அவள் குடித்து முடித்ததும் லோட்டாவைக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்துவைத்தான். ஆறு நாள் இப்படி நடந்தது. ஏழாம் நாள் மரத்தடியில் யாரும் இல்லை. ராமாபுரத்துக்கே போய்விட்டார்கள் என்று காவல்காரர் சொன்னார்.

யுத்தம் முடிந்து அப்பா திரும்பினார். அம்மா சொன்னபடி வாசல் வழியாகத்தான் வந்தார். ஆனால் வாசலில் நின்றவரை அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை. அவர் உடம்பு கொஞ்சம் தேறிய பிறகு நான் செய்ததை எல்லாம் சொன்னேன். உண்மையைச் சொன்னவன் என்று ஒரு மூலையில் பாராட்டையும் எதிர்பார்த்தேனோ என்னவோ.

"அங்கே இருந்த ஒவ்வொரு நாளும் ஓடி வர வழி இருக்கான்னுதான் பார்த்துண்டிருந்தேன், சீனு. நடுவிலே கடல் இருந்தது. இல்லேன்னா நானும் எங்கேயாவது மாட்டுக்குத் தண்ணி காட்டிண்டுதான் இருப்பேன்" என்றார் அப்பா.

அதற்குப்பின் எந்தச் சமாதானமும் எனக்கு மிஞ்சவில்லை. ஆனாலும் கோழைத்தனம் சுலபத்தில் விடுவதில்லை. படித்தேன், பூகோளம் கற்பிக்கும் ஆசிரியன் ஆனேன், ஆயிரம் முறை கரும்பலகையில் காவிரியை வரைந்தேன், ராமாபுரம் பஸ்ஸில் மட்டும் ஏறவில்லை. நாற்பது வயதுக்குமேல்தான் கொள்ளேகாலம் போய் வண்டி மாறி அங்கே இறங்கினேன்.

நஞ்சப்பன் மாவு மில் வைத்திருந்தான். புருவமெல்லாம் மாவு. என்னைக் கண்டதும் மெஷினை நிறுத்தினான். நான் மனப்பாடம் செய்து வந்ததைச் சொல்லி முடிக்கும் வரை கேட்டான்.

"அன்னைக்கே தெரியுங்க. அந்த மேப்புல கை எட்டற ஒசரம் ஆருக்கு இருந்தது?" என்று லேசாகச் சிரித்தான். 'டா' போய் 'ங்க' வந்திருந்தது. "நீங்க சொன்னீங்கன்னு எங்கய்யன்கிட்ட நான் சொல்லவே இல்லை. நாந்தான் வாயை உட்டுட்டேன்னு சொன்னேன். அதுவும் நெசந்தானே? ஜெயில்ல இருந்து வந்தும் அது எங்கூடச் சரியாப் பேசாமயே போய்ச் சேர்ந்துட்டுது."

அவன் மகனைப் படிக்கவைக்கிறேன் என்றேன். அது என் வேலைங்க என்று சொல்லிவிட்டு மெஷினை மறுபடி ஓட்டினான்.

பொன்னி அதே ஊரில் பால்வாடியில் ஆயாவாக இருந்தாள். அவளுக்கு என்னை நினைவில்லை, கஞ்சி நினைவிருந்தது. பால்வாடிச் சுவர் வெறுமையாக இருக்கிறதே என்று, மைசூர் போனதும் பெரிய துணி வரைபடம் ஒன்றை வாங்கி அனுப்பினேன். எனக்கு வேறொன்றும் கொடுக்கத் தெரியவில்லை.

குதிரை லாயம் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். தூளி கட்டிய இரும்பு வளையங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சரோஜம்மாவின் முகத்தை நினைவுகூரக்கூடியவர்கள் நகரத்தில் இன்னும் யார் இருக்கிறார்களோ தெரியாது.

வரைபடம் அனுப்பிய அடுத்த வருஷம் ராமாபுரம் போனபோது அது பால்வாடிச் சுவரில் தொங்கியது, ஆனால் திருப்பிப் போட்டு. வெள்ளைப் பின்புறத்தில் குழந்தைகளுக்காக அ, ஆ எழுதி, ஒரு பூனையும் வரைந்திருந்தார்கள். ஏன் என்று பொன்னியிடம் கேட்டேன். குழந்தை ஒன்றுக்கு மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டே அவள் சாதாரணமாகச் சொன்னாள்:

"அண்ணந்தான் திருப்பிப் போட்டுதுங்க. கொழந்தைக ஊட்டு ஆளுக எங்கெங்க இருக்காங்கன்னு செவுத்துல காட்ட வேண்டாம்னு சொல்லுச்சு."