அழிக்கச் சொன்ன வீடியோக்கள்

என் கல்யாணத்தை வீடியோ எடுத்த ஈப்போ ஊர்க்கார அண்ணனை மறுபடி பார்த்தது, என்னிடம் சும்மா கிடந்த பழைய நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டியை, டிஸ்குகள் மாட்டி ஃபைல்களைச் சேமித்து வைக்கும் பெட்டி அது, அவர் வீட்டுக்குக் கொடுக்கப் போனபோதுதான். ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். பேச்சுக்கு நடுவே, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல, எடுத்த வீடியோக்களை வைத்திருக்கும் வீட்டு சர்வரைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்துக்கொள்வார்.

டிராயரில் கிடந்த டிஸ்குகளை என் பெட்டியில் மாட்டி, சர்வர் பக்கத்தில் வைத்து ஓடவிட்டார்.

"சர்வர்தான் இருக்கே அண்ணே, இது எதுக்கு?"

"பிரிஞ்சவங்க வீடியோவ அழிக்கச் சொல்வாங்கம்மா. சர்வர்ல அழிச்சிருவேன். அதுக்கு முன்னால ஒரு காப்பி எடுத்து தனியா வச்சிருவேன்."

"அது தப்பில்லையா?"

"தப்புதான்லா. முன்னெல்லாம் சொன்ன மாதிரியே அழிச்சிட்டிருந்தேன். ஒரு நாள் தாப்பா ஊர்லருந்து ஒரு பொண்ணு வந்து அழுதுச்சு. செத்துப்போன அவ அப்பா சிரிச்சது அந்த வீடியோல மட்டும்தான் இருந்துச்சாம். எங்கிட்ட இல்ல."

போன வருடம் நானும் அவரைப் போனில் கூப்பிட்டு என் கல்யாண வீடியோவை அழிக்கச் சொன்னவள்தான். அன்று "சரிம்மா" என்றார். இன்று அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை, என் காப்பியும் இருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை.

கிளம்பும்போது பெட்டியின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சூடாகத் தொடங்கியிருந்தது.