பிறை உடைந்த வட்டிலப்பம்

என் மூத்த சகோதரியான ராத்தாவுக்கு நீரிழிவு வந்தபோது அவளுக்கு வயது பதினான்கு, எனக்கு எட்டு. ஊர் அந்நோயைச் ‘சீனி வருத்தம்’ என்றது. பெயரிலேயே காரணமும் அடங்கியிருப்பதாக எல்லோரும் முடிவு செய்துகொண்டமையால், மேலும் விசாரிக்கும் தேவை எவருக்கும் எழவில்லை. அவள் களவாகச் சீனி தின்றிருக்கிறாள், அவ்வளவுதான். இதில் எனக்கு மட்டும் ஓர் ஐயம் இருந்தது. சீனிப் போத்தலைக் காலி செய்வதில் ராத்தா எவ்வகையிலும் எனக்கு ஈடானவள் அல்லள். அந்நோய் நியாயம் அறிந்ததாயின் முதலில் என்னிடமே வந்திருக்க வேண்டும். ஆயினும் இவ்வையத்தை வெளியிடுவதால் எனக்கு நன்மை எதுவும் விளையாது என்று கருதி வாளாவிருந்தேன்.

இன்றும் விருந்துகளில் ராத்தாவின் முன்னிருந்து இனிப்புத் தட்டை மெல்ல நகர்த்திவிடும் அன்பர்கள் உளர். அவர்களைக் காணுந்தோறும், கண்டக்குழியில் மாமியின் மகளுக்கு நடந்த கலியாணம் என் நினைவில் எழுகிறது. மாமி என் வாப்பாவின் உடன்பிறந்தவர். அன்பிலும் அதிகாரத்திலும் குறைவற்றவர்.

அன்று காலையிலும் உம்மா வழமைபோல் ராத்தாவுக்கு ஊசி மருந்து ஏற்றினார். ஊசி போட்ட பின் சாப்பாடு பிந்தினால் உடலிலுள்ள சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும் என்றும், அப்போது தாமதியாது இனிப்பு உண்ண வேண்டும் என்றும் புத்தளத்து மருத்துவர் அவ்விருவருக்கும் விளக்கியிருந்தார். அதனால் ராத்தாவின் கைப்பைக்குள் எந்நேரமும் டொபிப் பொட்டலம் ஒன்று இருக்கும். உம்மா மணப்பெண்ணை உடுத்திவிட உள்ளறைக்குச் சென்றிருந்த வேளையில் அப்பொட்டலம் மாமியின் கண்ணில் பட்டது.

“பாருங்கோ இவள்ட வேலைய! ஊசி குத்துற புள்ளைட பைக்குள்ள டொபி!”

“அது மருந்து, மாமி,” என்றாள் ராத்தா.

“ஓம் ஓம், நானும் சின்ன வயசுல இந்த மருந்துதான் தின்ட! தாங்க இத. நாளைக்குப் பாவக்கா அரைச்சுத் தாறன், மூக்கப் புடிச்சுக்கிட்டுக் குடி. ஊசியும் வேணாம், ஒண்டும் வேணாம்.”

கூடியிருந்த பெண்கள் சிரித்தனர். மாமி பொட்டலத்தைப் பிரித்து, சூழநின்ற சிறுவர் யாவருக்கும் பகிர்ந்தளித்தார். நானும் கை நீட்டினேன். என் உடன்பிறப்பின் மருந்து மிக்க சுவையுடையதாக இருந்தது.

நண்பகல் ழுஹர் தொழுகை முடிந்தும் மாப்பிள்ளை வீட்டார் வந்து சேரவில்லை. பள்ளிவாசல்துறையிலிருந்து புறப்பட்ட அவர்களுடைய வாகனம் வழியில் மணலில் புதைந்துவிட்டதாகவும், மாப்பிள்ளையும் இறங்கித் தள்ளுவதாகவும் சைக்கிளில் வந்த ஒருவர் செய்தி தந்தார். அவர்கள் வந்து அமருமுன் ஒரு பருக்கைச் சோறும் எடுக்கப்படலாகாது என்பது மாமி வீட்டுச் சட்டம். மூடிய சட்டிகளிலிருந்து நெய்ச்சோற்றின் மணம் எழுந்து எங்களை வதைத்தது. மேசை நடுவே, கருப்பட்டியும் முட்டையும் தேங்காய்ப்பாலும் கலந்து மாப்பிள்ளைக்கென அவித்த வட்டிலப்பம் ஒரு பெரிய கிண்ணத்தில் வீற்றிருந்தது. அதன்மேல் கஜு என்னும் முந்திரிப் பருப்பினால் பிறையும் நட்சத்திரமும் பதித்தவள் நான். இரண்டொரு பருப்பு வழிதவறி என் வாய்க்குள் சென்றதனால் நட்சத்திரம் சற்றே சிறுத்திருந்தது.

அவ்வேளையில் என்னருகே அமர்ந்திருந்த ராத்தாவின் நெற்றி வியர்த்தது. விரல்கள் நடுங்கின. பின்னர் அவள் சன்னலுக்கு வெளியே தெரிந்த கடற்பரப்பை நோக்கிக் கையைக் காட்டி, பக்கத்திலிருந்த பெண்ணிடம் மிகுந்த பணிவுடன் சொன்னாள்:

“அந்தக் கடல மடிச்சு அலுமாரிக்குள்ள வைங்கோ. நனையப் போகுது.”

“யா அல்லாஹ், புள்ளைய ஜின் பாத்திருக்கு!” என்றார் அப்பெண்.

இவ்வளவு நல்ல பகிடியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. உம்மாவும் கேட்டுச் சிரிக்கட்டும் என்று உள்ளறைக்கு ஓடினேன். நான் சொல்லி முடிக்குமுன் உம்மா கையிலிருந்த கொண்டை ஊசியையும் பூச்சரத்தையும் போட்டுவிட்டு வெளியே பாய்ந்தார், கைப்பையைக் கவிழ்த்தார், அதில் ஒன்றும் இல்லை.

“நான்தான் எடுத்த, மச்சி,” என்றார் மாமி, பெருமையோடு.

உம்மா கரண்டியொன்றை எடுத்தார். மேசையை அணுகி, கரண்டியைப் பிறையின் நடுவே இறக்கினார்.

“மச்சி! என்ன செய்றீங்க! அது மாப்பிள்ளைட! சீனி வருத்தக்காரிக்கு வட்டிலப்பமா? புள்ள மௌத்தாப் போயிடும்!”

“இதக் குடுக்காட்டித்தான், மச்சி, புள்ள போயிடும். கையப் புடிக்காதீங்க, விடுங்க!”

உம்மா ஊட்ட ஊட்ட ராத்தா விழுங்கினாள். மாமி கண்களை மூடிக்கொண்டு ஓதத் தொடங்கினார். அவர் ஓதி முடியுமுன் ராத்தாவின் நடுக்கம் தணிந்தது. அவள் கிண்ணத்தை நோக்கினாள். பின் எங்களை நோக்கினாள்.

“இது மாப்பிள்ளைட எல்லோ? ஆரு பிறைய உடைச்ச?”

அழுகையும் சிரிப்பும் ஒருங்கே வெடித்தன. மாமி அவளைக் கட்டியணைத்து முத்தமிட்டார். முத்தமிட்ட கையோடு கிண்ணத்தைக் கண்டு தலையில் கைவைத்தார். அதே கணத்தில் வாசலில் ஆரவாரம் எழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டனர்.

மாப்பிள்ளையின் உம்மா பருத்த உருவினர். முழங்கால்வரை மணல் அப்பியிருந்தது. மாமி நடந்ததை எல்லாம் ஒப்புவித்தார். அந்த அம்மையார் ராத்தாவை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.

“வேன் தள்ளின மாப்பிள்ளைக்கு வட்டிலப்பத்துல ஓட்டை இருக்கா எண்டு பாக்க எங்க நேரம்? அவனுக்கு வேற ஒண்ட வைங்கோ. சோத்தப் போடுங்கோ மச்சி, பசி உயிர் போகுது!”

எம்மவர் விருந்தில் ஒரு பெருந்தட்டைச் சூழ ஆறுபேர் அமர்ந்து உண்பது வழக்கம். அதனைச் சஹன் என்போம். உம்மாவும் ராத்தாவும் நானும் உறவுப் பெண்கள் மூவரும் ஒரு பாயில் அமர்ந்தோம். மாப்பிள்ளைக்கு ஆகாத பெரிய கிண்ணம் எம் பாய்க்கே வந்து சேர்ந்தது. என் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. அப்போது ஒரு பெண் மற்றவரின் காதில், “ஒரு சஹன்ல கை போட்டா ஒட்டுமாம்,” என்றார். சற்று நேரத்தில் ஒருவருக்குப் பிள்ளை அழும் சத்தம் கேட்டது. மற்றவருக்குக் கால் மடக்க இயலவில்லை. இருவரும் எழுந்து வேறு பாய்களுக்குச் சென்றனர். ராத்தா தட்டில் வைத்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எது எதனோடு ஒட்டும் என்று ஆராய எனக்கு அவகாசம் இல்லை. ஆறுபேருக்குரிய கோழியை நால்வருக்குப் பங்கிடும் கணக்கில் நான் ஆழ்ந்திருந்தேன்.

அக்கணக்கைக் குலைத்தவர் மாப்பிள்ளையின் உம்மா. நடுக்கூடத்தில் அவருக்கெனப் புதுப்பாய் விரித்து மாமி காத்திருந்தார். அவரோ அதனைக் கடந்துவந்து, ராத்தாவின் பக்கத்தில் பொத்தென்று அமர்ந்து, அவள் கையை எடுத்துத் தட்டில் வைத்து, அவள் பக்கத்துச் சோற்றிலேயே தம் முதற் பிடியையும் எடுத்தார். சம்பந்தி அமர்ந்த இடத்தில் அமராதிருக்க முடியாமையால் மாமியும் வந்து ஆறாவது ஆளானார்.

“இவ வட்டிலப்பம் இன்னும் திங்கலாமா, மச்சி?” என்று அந்த அம்மையார் உம்மாவைக் கேட்டார்.

“சோத்தக் குறைச்சா ஒரு கரண்டி திங்கலாம். மத்தப் புள்ளையளப் போலதான்.”

“அப்ப ஒரு கரண்டி இவக்கு. மிச்சம் எனக்கு!”

ராத்தா தலையைப் பின்னே சாய்த்துச் சிரித்தாள். நோய் வந்த பின் அவள் அவ்வாறு சிரித்து நான் கேட்டதில்லை. உம்மாவும் சிரித்தார். எனக்கோ ஆற்றொணாச் சினம். விரித்த புதுப்பாய் இருக்க, நாற்பது பெண்களின் பார்வையைத் தாண்டி அந்த அம்மையார் எம்மிடம் ஏன் வந்தார்? கிண்ணம் பெரிதென்று கண்டுதான் வந்தார் என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. இரு கைகளாலும் அதனை என் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டேன்.