மல்லிப் பொட்டலமும் கண்ணில் வெட்டிய ஜன்னலும்

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ வருஷங்களாக நினைத்திருக்கிறேன். நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதோடு மூடி வைத்துவிடுவேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவன், எழுதக் கூச்சம். ஆனால் அது சின்னக் காரணம்தான். என் மனைவிக்குப் பார்வை கிடைக்கவிடாமல் நாலு மாதம் குறுக்கே நின்றவன் வேறு யாருமில்லை, நான்தான். அதைச் சொல்ல வெட்கம். அதற்கும் மேலே, மாரியம்மன் சந்நிதியில் நான் செய்த ஒரு தப்பு இருக்கிறது. அதை வெளியில் சொன்னால் அம்மனைக் குறைத்துச் சொன்னதாகிவிடுமோ என்று பயந்தேன். இப்போதும் அந்தப் பயம் போகவில்லை. எழுதாமலே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்ற பயம் அதைவிடப் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குக் கிழக்கே எங்களுக்குக் கொஞ்சம் வயலும் ஒரு கிணறும் இருந்தன. ஜெர்மன் சண்டை இரண்டாம் தடவை தொடங்குவதற்கு முந்திய காலம். என் மனைவிக்குச் சிறு வயதில் அம்மை போட்டு இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. கருவிழியின் நடுவில் சோற்றுப் பருக்கை ஒட்டியது போல ஒரு வெள்ளை. அந்தக் கண்ணில் வெளிச்சம் தெரியும், ஆள் அசைந்தால் நிழல் தெரியும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டே நாற்று நட்டாள், ஊசியில் நூல் கோத்தாள். சந்தையில் கத்தரிக்காயைக் கையில் எடுத்த மாத்திரத்தில் உள்ளே புழு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள்.

ஒரு தை மாதம், களத்தில் கதிரடிக்கும்போது நெல்லின் சுணை ஒன்று தெறித்து அந்த நல்ல கண்ணில் விழுந்தது. எங்கள் பக்கத்தில் கண்ணில் எது விழுந்தாலும் நாக்கால் நக்கி எடுப்பார்கள். என் மதினி அதில் பேர்போனவர். அண்ணன் சம்சாரம், தங்கமான மனசு. அவர் நக்கிச் சுணையை எடுத்தும் விட்டார். உறுத்தல் மட்டும் நிற்கவில்லை. பிள்ளை பெற்றிருந்த பக்கத்து வீட்டுப் பெண் தாய்ப்பால் பீச்சினாள். நான் நந்தியாவட்டைச் சாறு பிழிந்தேன். எல்லோரும் நல்லதைத்தான் செய்தோம். எட்டு நாளில் கண் ரத்தமாகச் சிவந்து, கருவிழிக்குள் சீழ் கோத்துக்கொண்டது. அவள் வலியில் சுவரில் தலையை முட்டினாள். ஒருநாள் காலையில் கண்ணிலிருந்து சூடாக நீர் வழிந்து, வலி சட்டென்று குறைந்தது. அன்று வீட்டில் பொங்கல் வைத்தோம். கண் உடைந்துவிட்டது என்று யாருக்கும் தெரியவில்லை.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வைத்தவர் டவுனில் அத்தர் கடை வைத்திருந்த பாய். எங்கள் கிணற்றடியில் விளையும் மருக்கொழுந்தை அவர் கடைக்குத்தான் கொடுப்பேன். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். என்னை மாப்ள என்பார், நான் மாமா என்பேன். விஷயம் கேள்விப்பட்டதும் கடையைப் பூட்டிவிட்டு அவரே குதிரை வண்டி பிடித்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். மாட்டுக்குக் கால் சுளுக்கினால் மூணு மைல் ஓட்டிக்கொண்டு வருகிறவன், பொண்டாட்டிக்குக் கண் போனால் இலையைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறானே என்றார்.

ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் ஒல்லியான மனிதர், பேச்சு மெதுவாக வரும். ஒரு விளக்கைப் பக்கத்தில் வைத்து, கையில் ஒரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வலது கண்ணைப் பார்த்தார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டு, அந்தக் கண் போய்விட்டது என்றும், அதில் தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்றும் ஒளிக்காமல் சொன்னார். நாங்கள் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். அந்த மனிதர் விடவில்லை. நாங்கள் கேட்காமலேயே அவளைத் திரும்ப உட்காரவைத்து, அம்மை போட்ட இடது கண்ணைப் பார்க்கத் தொடங்கினார். வலது கண்ணைப் பார்த்ததைவிட இரண்டு மடங்கு நேரம் பார்த்தார். இருபது வருஷமாக அந்தக் கண்ணை அப்படி யாரும் பார்த்ததில்லை. நாங்களே அதைக் கணக்கில் வைத்ததில்லை.

பிறகு எனக்குப் புரியும்படி சொன்னார். கண்ணுக்கு முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு தோல் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு கறுப்புத் திரை. திரைக்கு நடுவில் ஒரு துளை, வெளிச்சம் அதன் வழியாகத்தான் உள்ளே போகும். இவளுக்குக் கண்ணாடியின் நடுவில், துளைக்கு நேராக, அம்மைத் தழும்பு மறைத்துக்கொண்டு நிற்கிறது.

"உன் வீட்டு வாசலுக்கு நேரா வைக்கோல் படப்பு நிக்குதுன்னு வச்சுக்க. படப்ப நகத்த முடியாது. வீட்டுக்குள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்கு. என்ன செய்வ?"

"பக்கத்துச் செவுத்துல ஜன்னல் வைப்பேங்கய்யா."

"அம்புட்டுதாம்ப்பா. தழும்பு இல்லாத ஓரமாப் பாத்து, பின்னால உள்ள திரையில ஒரு சின்ன ஜன்னல் வெட்டுறேன்."

இதற்குள் வெளிநாடுகளில் இன்னும் மேலே போய்விட்டார்கள் என்றும் சொன்னார். தழும்பு விழுந்த தோலையே வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, இறந்துபோனவர் கண்ணிலிருந்து தெளிந்த தோலை எடுத்து அதே இடத்தில் பொருத்துகிறார்களாம். சில கண்கள் ஏற்கின்றன, பல கண்கள் ஏற்பதில்லை. நம் பக்கத்துக்கும் ஒருநாள் வரும், அதுவரை இவள் காத்திருக்க வேண்டியதில்லை என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகம் பிள்ளை பிறந்த வீட்டுக்காரர் முகம் போல இருந்தது.

நான் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அம்மை என்பது எங்களுக்கு நோய் இல்லை. அம்மன் வந்து இறங்குவது. அம்மை போட்ட வீட்டில் கடுகுகூடத் தாளிக்கமாட்டோம். அப்படியிருக்க, அம்மன் முத்துப் போட்ட கண்ணில் இரும்பு படுவதா? டாக்டர் கோபப்படவில்லை. தழும்பைத் தான் தொடப்போவதில்லை, அதற்குப் பக்கத்தில் நன்றாக இருக்கும் ஓரத்தில்தான் கத்தி படும் என்று மட்டும் சொன்னார். யோசித்துவிட்டு வரச் சொன்னார். நான் யோசிக்கவே இல்லை. என் மனைவியைக் கேட்கவும் இல்லை.

நாலு மாதம் போயிற்று. அவள் சுவரைத் தடவி நடக்கப் பழகினாள். எல்லாவற்றையும் விரலாலும் மூக்காலும் தெரிந்துகொண்டாள். கஞ்சி கொதித்து வரும் பதத்தை வாசத்தில் சொல்வாள். மழை வரப்போவதை எனக்கு முன்னால் சொல்வாள். இப்படியே இருந்துவிடலாம் என்று எனக்குப் பட்டது, அவளுக்குப் படவில்லை. வைகாசியில் ஒருநாள் கஞ்சிப் பானையை இறக்கி வைக்கும்போது இடம் ஒரு சாண் தவறி, கொதிகஞ்சி இரண்டு காலிலும் கொட்டிவிட்டது. நான் வாழைத்தண்டுச் சாறு விட்டுக்கொண்டிருக்கும்போது அவள் அழவில்லை.

"இங்கேருங்க. எனக்கு வெட்டச் சொல்லுங்க" என்றாள்.

அம்மனைக் கேட்போம் என்றேன். எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதையும் பூக்கட்டிப் பார்த்துத்தான் தொடங்குவோம். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ, தனித்தனியே இலையில் மடித்து நாரால் கட்டி, அம்மன் காலடியில் போடுவது. ஒரு குழந்தையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் உத்தரவு உண்டு, சிவப்பு வந்தால் இல்லை. பூவை அரளியிலேயே கட்டுவது வழக்கம். செவ்வரளி ஒன்று, வெள்ளரளி ஒன்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெப்பக்குளத்து மாரியம்மன் கோவிலுக்குப் போனோம். செவ்வரளி கிடைத்தது. வெள்ளரளி எங்கள் கொல்லையிலும் இல்லை, பக்கத்துத் தோட்டத்திலும் இல்லை. யாரோ மாலை கட்ட மொட்டைக்கூட விடாமல் பறித்துப் போயிருந்தார்கள். வெள்ளையாக இருந்தால் போதும் என்று கோவில் வாசல் பூக்காரம்மாவிடம் ஒரு கை மல்லி வாங்கிக் கட்டினேன். விளக்கு வைக்கிற நேரம், மொட்டு அப்போதுதான் வாய் திறக்கிறது. கண் தெரிகிற எனக்கு நிறம்தான் கணக்கு. வேறு எதுவும் தோன்றவில்லை.

பூசாரி ஒரு குழந்தையைத் தேடினார். என் மனைவி, "கண்ணு என்னோடது. நானே எடுக்குறேன்" என்றாள். பார்வை இல்லாதவள் எடுப்பது குழந்தை எடுப்பதைவிடச் சுத்தம்தான் என்று பூசாரியும் ஒத்துக்கொண்டார். அவள் குனிந்தாள். இரண்டு பொட்டலத்துக்கும் மேலே அவள் கை ஒருதரம் போய்வந்தது. ஒன்றை எடுத்து நீட்டினாள். பூசாரி நாரைப் பிரித்தார். வெள்ளை. நான் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு, மறுநாளைக்கு வண்டி சொல்ல பாய் கடைக்குப் போனேன். உத்தரவு கிடைத்துவிட்டது என்றதும் அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் கையை மூக்கருகே கொண்டுபோனார். தொழில் அப்படி, அவரால் முகராமல் இருக்க முடியாது.

"என்ன மாப்ள, கையில மல்லி மணக்குது? ஒங்காளுக அரளியிலல்ல கட்டுவீக?"

நான் விவரம் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. அரளிக்கு வாசம் இல்லை. மல்லி எட்டு வீடு தள்ளியும் மணக்கும். கண் தெரியாத பெண்ணுக்கு முன்னால், மூக்கால் ஊரை அளக்கிறவளுக்கு முன்னால், நான் மல்லியைக் கட்டி வைத்திருக்கிறேன். அவள் அம்மன் உத்தரவை எடுத்தாளா, தனக்கு வேண்டியதை எடுத்தாளா? திரும்பக் கட்டிப் பார்க்க வேண்டும் என்றேன்.

பாய் ஒரு சீசாவுக்கு மூடி போட்டுக்கொண்டே சொன்னார்: "நாலு மாசம் ஒன் இஷ்டத்துக்கு இருந்துச்சு, அப்ப நீ எந்தச் சாமியையும் கேக்கல. இப்ப அவ இஷ்டத்துக்கு வந்துருச்சு, மறுபடியும் கேக்கணுங்குற. நீ பயப்படுறது அம்மனுக்கா, ஒம் பொண்டாட்டி சொன்னது நடந்துருமேன்னா?"

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு நடந்தேன். அவள் ஒரு மாற்றுச் சேலையையும் விபூதிப் பையையும் மூட்டை கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலில் கொப்புளம் ஆறவில்லை. நான் அந்த மூட்டையை வாங்கி வாசலருகே வைத்தேன். விடிந்ததும் வண்டி ஏறினோம்.

ஆபரேஷன் நடந்த விதத்தை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கண்ணில் ஏதோ சொட்டு விட்டார்களாம், மரத்துவிட்டதாம். அவளுக்கு முழு நினைவு இருந்தது. கால் பெருவிரலைப் பார்ப்பது போலக் கீழே பார்க்கச் சொன்னாராம் டாக்டர். பெருவிரலைப் பார்த்து அஞ்சு மாசம் ஆச்சுங்கய்யா என்றாளாம் இவள். அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு முழுவதும் அடங்கிக் கை நிலைப்படும்வரை கத்தியைத் தொடாமல் நின்றாராம். பிறகு, வலிக்கிறதா என்று அவள் கேட்கப்போகும் நேரத்தில், முடிந்துவிட்டது தாயி என்றாராம். அந்த நின்ற நேரத்தை நினைத்து நான் இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்த மனிதருக்கு அவசரமே கிடையாது. வெளியே நாற்பது பேர் காத்திருந்தோம்.

இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை வைத்துப் படுக்கவைத்தார்கள். திரும்பக் கூடாது, இருமக் கூடாது, மெல்லக்கூடக் கூடாது. ஒரு நர்சம்மா கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினார். பாய் பார்க்க வந்து ஏதோ வேடிக்கை சொல்ல, அந்தம்மா அவரை வராந்தாவுக்குத் துரத்திவிட்டார். சிரித்தால் தையல் இல்லாத காயம் பிளந்துவிடும் என்று என்னையும் எச்சரித்தார். அந்த நாட்களில் நான் கந்தர் கோவிலுக்கும் மீனாட்சியம்மன் கோவிலுக்கும் நடந்தேன். வேண்டிக்கொள்ள உட்கார்ந்தால் மல்லி மணம்தான் முன்னால் வந்து நின்றது. தப்பு என்னுடையது, தண்டனையை அவள் கண்ணில் வைத்துவிடாதே தாயே என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

கட்டுப் பிரித்த காலையில் ஜன்னலைப் பாதி சாத்தினார்கள். என்ன தெரிகிறது என்று டாக்டர் கேட்டார். அவள் தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்தாள். கண்ணில் வெட்டிய ஜன்னல் ஓரத்தில் இருப்பதால் இன்றும் அப்படிச் சாய்த்துத்தான் பார்க்கிறாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவுக சட்டையில ரெண்டாவது பித்தான் இல்ல" என்றாள்.

டாக்டர் சத்தமாகச் சிரித்து, படிக்க வந்த பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய வலது கண் போல இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தூரத்து ஆளை நடையை வைத்துத்தான் சொல்வாள். ஆனால் அரிசியில் கல் பொறுக்கினாள், அடுப்புக்கும் பானைக்கும் இடம் தெரிந்தது, பிறகு பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கும் தலை வாரிவிட்டாள். எங்களுக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்த அடுத்த வெள்ளிக்கிழமை, அம்மனுக்குக் கண்மலர் சாத்தப் போகும் வழியில், நான் கேட்டுவிட்டேன். மல்லி என்று உனக்குத் தெரியுமா?

"மணந்துச்சுல்ல" என்றாள்.

"தெரிஞ்சேவா எடுத்த?"

அவள் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துச் சொன்னாள்: "தெரிஞ்சேதான் எடுத்தேன். அம்புட்டுப் பக்கத்துல கை போனப்ப, எது எதுன்னு தெரியாம இருக்கணும்னுதான் நானும் நெனச்சேன். மணம் வந்துருச்சு. நான் என்ன செய்ய? ஏங்க, வண்டியூருல அன்னிக்கு ஒரு வெள்ளரளிகூட இல்லாமப் பண்ணுனது யாரு, நானா?"

இதற்கு நான் இந்த வயசு வரைக்கும் பதில் கண்டுபிடிக்கவில்லை, தேடுவதையும் விட்டுவிட்டேன். அம்மன் அவளிடம் பேசினாள், மூக்கின் வழியாகப் பேசினாள் என்றே நம்புகிறேன். இப்போது மதராஸில் இறந்தவர் கண்ணின் தோலை எடுத்து இருப்பவருக்குப் பொருத்துகிறார்களாம், பேப்பரில் வாசித்துக் காட்டினார்கள். அந்த டாக்டர் சொன்னது வந்துவிட்டது. நாங்கள் இருவரும் போனபின் எங்கள் கண் யாருக்காவது ஆகுமென்றால் எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம். ஜன்னல் வெட்டிய கண் எடுபடுமா என்று அவளுக்கு ஒரு சந்தேகம்.

எங்கள் ஊரில் இந்தக் கதை இதற்குள் இரண்டு மாதிரி ஆகிவிட்டது. கத்தியே படாமல் அம்மன் கண்ணைத் திறந்தாள் என்று ஒரு மாதிரி. பூசாரியை ஏமாற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன கெட்டிக்காரி என்று இன்னொரு மாதிரி. இரண்டையும் கேட்டுவிட்டு, எழுதுவதானால் உள்ளபடி எழுதுங்கள் என்று அவள்தான் சொன்னாள். ஆகையால் இதை வாசிக்கிறவர்களை வேண்டிக்கொள்கிறேன். கண்ணில் சுணை விழுந்தவர் யாரைக் கண்டாலும், நாக்கு வேண்டாம், இலை வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் போ என்று சொல்லி, கூடவே இதையும் சொல்லுங்கள். சொல்லும்போது டாக்டரையும் விடாதீர்கள், அம்மனையும் விடாதீர்கள். நாலு மாதம் குறுக்கே நின்ற என்னையும் விட்டுவிடாதீர்கள். என்மேல் இரக்கப்பட்டு மல்லியை அரளியாக்கிவிட வேண்டாம்.