சத்தம் கேட்டால் அமுக்கும் கை

அந்த ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லோரும் அவளைச் சின்ன டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வயதும் சின்னது, ஆளும் சின்னது. மேலே தொங்கும் மருந்துப் பையைத் தொட வேண்டுமென்றால் முக்காலி போட்டு ஏறுவாள். அப்பா தண்ணீர் லாரி ஓட்டி, அம்மா தையல் மெஷின் மிதித்துப் படிக்க வைத்த பிள்ளை. தோல் டாக்டர் ஆகிவிடு, நிம்மதியாக இருக்கலாம் என்று வீட்டில் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். இவள் போய் விழுந்த இடமோ, மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடப்பவர்களுக்கு நடுவில்.

அங்கே மனிதர்களைவிட மெஷின்கள்தான் அதிகம் பேசும். இதயத்துக்கு ஒரு மணி, மூச்சுக்கு ஒரு மணி, மருந்து தீர்ந்தால் ஒரு மணி. விரலில் மாட்டிய கிளிப் லேசாக நழுவினாலும் உயிர் போகிற மாதிரி கத்தும். முக்கால்வாசி வெறும் கத்தல். அதனால் அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். சத்தம் கேட்டால் கை தானாகப் போய் அதை அடக்கும் பட்டனை அமுக்கும், கண் நோயாளியைப் பார்க்கும். கைக்கும் புத்திக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது.

சின்ன டாக்டர் வீட்டிலும் அப்படித்தான். சாப்பாட்டை மைக்ரோவேவில் வைப்பாள். அது கூப்பிட்டதும் எழுந்து போய் அதன் வாயை அடைத்துவிட்டு வந்து உட்காருவாள். சாப்பாடு உள்ளேயே ஆறிக் கிடக்கும்.

"நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து அழுதா, அதுக்கு எங்கடி பட்டன்னு தேடுவே நீ," என்பாள் அம்மா.

அம்மா சிரித்தாலும் அவளுக்கு அந்தப் பழக்கம் பயத்தைக் கொடுத்தது. வெட்டிக் கத்தலோடு சேர்ந்து ஒரு நிஜக் கத்தலும் என்றைக்காவது அமுங்கிப் போனால் என்ன ஆவது? கட்டில் கட்டிலாக உட்கார்ந்து, எந்த மணி எதற்கு அடிக்கிறது என்று கவனிக்க ஆரம்பித்தாள். மெஷினோடு வந்த அளவை அப்படியே விடாமல், படுத்திருக்கிற ஆளுக்குத் தகுந்தபடி மணி அடிக்கும் எல்லையை மாற்றி வைத்தாள். நர்சுகளுக்குத் தலைவியான பெரிய சிஸ்டர் கூடவே நின்றார். வார்டில் சத்தம் பாதியாகக் குறைந்தது. நோயாளிகள் தூங்கினார்கள். அவள் எழுதிய கட்டுரை மருத்துவப் பத்திரிகை ஒன்றில் வந்தது.

உலகம் முழுக்க உள்ள தீவிர சிகிச்சை டாக்டர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. ஆராய்ச்சியில் இப்போதுதான் காலெடுத்து வைக்கிற இளசுகளில் சிலரை அது வருடா வருடம் பொறுக்கி எடுத்து கௌரவிக்கும். வெறும் கைதட்டல் இல்லை. ஒரு வருடச் சம்பளத்தைச் சங்கமே ஏற்றுக்கொள்ளும், ஆராய்ச்சியை மட்டும் பார்க்கலாம். சின்ன டாக்டர் கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டாள்.

பிரிவின் தலைவரான பெரிய டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "கிடைச்சா சந்தோஷமா போ. கிடைக்கலையா, எல்லாத்தையும் மூட்டை கட்டி வச்சிட்டு முழு ட்யூட்டிக்கு வந்துடு. எனக்கு ஆள் இல்லம்மா."

கடைசிச் சுற்று போனில். மதியம் நாங்களே கூப்பிடுவோம், எங்கள் நம்பர் உங்கள் போனில் தெரியாது, எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடுவோம் என்று முன்கூட்டியே எழுதியிருந்தார்கள்.

அன்று அவள் நர்சுகள் அறையில் தயாராகத்தான் இருந்தாள். ஒரு நோயாளியின் மூச்சுக் குழாயைப் பார்க்கச் சொல்லி பெரிய சிஸ்டர் கூப்பிட்டார். நேரம் இருக்கிறதே என்று போனாள். போனை மானிட்டருக்குக் கீழே உள்ள தட்டில் வைத்துவிட்டுக் குனிந்தாள். தலைக்குப் பக்கத்தில் சத்தம் கேட்டது. கை போய் அமுக்கியது. கண் நோயாளியின் நெஞ்சைப் பார்த்தது. நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்கியது.

"எது சிஸ்டர் கத்துச்சு?"

"மெஷின் எதுவும் கத்தலையே. உங்க போன்தான் கத்துச்சு. நீங்கதான் அது வாயை அடைச்சீங்க."

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். திருப்பிக் கூப்பிட நம்பர் இல்லை. மெயில் மட்டும்தான் போடலாம்.

"நெட்வொர்க் போயிடுச்சுன்னு போடுங்க," என்றார் பெரிய சிஸ்டர். "கடல் தாண்டி வந்து யாரு டவரை எண்ணப் போறா?"

சின்ன டாக்டர் அப்படித்தான் டைப் அடித்தாள். அடித்ததைத் தானே ஒரு தரம் படித்துப் பார்த்தாள். அழித்தாள். மெஷின் சத்தம் என்று நினைத்து உங்களை அமுக்கிவிட்டேன், மன்னியுங்கள், முடிந்தால் இன்னொரு தரம் கூப்பிடுங்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினாள்.

"போச்சு. ஆராய்ச்சி பண்ணவங்களே இப்படிப் பண்ணா யாரு மதிப்பா?" என்றார் பெரிய சிஸ்டர்.

"மதிக்கலைன்னா விடுங்க சிஸ்டர். உங்ககூடவே ராத்திரி ட்யூட்டி பார்க்கிறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, மனசு போனிலேயே இருந்தது. போனைக் கையில் பிடித்தபடி நர்சுகள் அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. டீ வந்தது, ஆறியது.

போன் அடித்தபோது கட்டைவிரல் மறுபடி சிவப்புப் பக்கம்தான் கிளம்பியது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு பச்சையைத் தொட்டாள்.

தேர்வுக் குழுவின் தலைவி ஒரு வயதான அம்மாள். கோபமும் இல்லை, குழைவும் இல்லை. நேராகக் கேட்டார். சத்தத்தைக் குறைத்தாயே, நிஜ ஆபத்து ஒன்றும் தவறிப்போகவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும்?

"ஒண்ணு தவறிச்சு," என்று அவர்கள் மொழியில் சொன்னாள் சின்ன டாக்டர். ஒருவருக்கு ரத்த அழுத்த எல்லையை அளவுக்கு மீறித் தளர்த்தியது தன் தப்பு என்றாள். பெரிய சிஸ்டர் சுற்றி வரும்போது கண்ணால் பார்த்துப் பிடித்தார், நோயாளி பிழைத்தார், அன்றிலிருந்து ஒரு ஆள் மாற்றும் எல்லையை இன்னொரு ஆள் சரிபார்க்காமல் விடுவதில்லை. ஒரு வருடம் கிடைத்தால் அந்த முறையைத்தான் மற்ற ஆஸ்பத்திரிகளிலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று முடித்தாள்.

அந்தப் பக்கம் ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு தலைவி வந்தார். நீதான் கடைசி ஆள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன், வரும் வருடத்துக்கு உன்னைச் சேர்க்காமல் ட்யூட்டி போடும்படி உன் ஆஸ்பத்திரியில் சொல்லிவிடு என்றார்.

சின்ன டாக்டர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து காதுவரை ஏறியிருந்த தோள்கள் கீழே இறங்கின. அழுகை வரும் போலிருந்தது, கொட்டாவிதான் வந்தது.

விஷயத்தைக் கேட்ட பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. ராத்திரிக்கு யாரைப் போடுறது நான்?" என்று முனகிக்கொண்டே போனார். கதவருகே நின்று, "நீ நல்லா பண்ணினேம்மா," என்றார்.

பெரிய சிஸ்டர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "எழுந்திரிங்க. வீட்டுக்குப் போய்த் தூங்குங்க. தூங்கி எழுந்தா உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு இனிமேதான் நாங்க பார்க்கணும்."

"பயந்துடாதீங்க சிஸ்டர்," என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள் சின்ன டாக்டர்.